வீட்டில் ஒன்று, வீதியில் ஒன்று: இருமொழி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடியாத்தம்காரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், எதிர்வீட்டில் உருது. அப்படி வளர்ந்து, வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தேன். "வீட்டில் தெலுங்கு பேசுறவர் எப்படி சார் தமிழ் நடத்துவார்?" என்று சேர்ந்த வருடமே ஒரு பெற்றோர் தலைமையாசிரியரிடம் கேட்டாராம். போகப்போக அது மாறி, மொழி பற்றிய சந்தேகம் எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளுக்குப் பதில் இங்கே. நான் மருத்துவன் அல்ல, மொழியியல் பட்டமும் இல்லை. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இருமொழியாளர் என்றால் யார்? இரண்டையும் ஒரே அளவுக்குப் பேச வேண்டுமா?

வேண்டாம். அன்றாட வாழ்க்கையில் இரண்டு மொழிகளைப் புழங்குகிறவர் எல்லாரும் இருமொழியாளர்தான். இரண்டையும் சமமாகத் தராசில் வைத்ததுபோல் பேசுகிறவரைத் தேடினால் ஊருக்கு ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார். ஃபிரான்சுவா க்ரோஜான் என்ற மொழியியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இருமொழியாளரை, ஒரு உடம்புக்குள் இருக்கும் இரண்டு ஒருமொழிக்காரர்களாகப் பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வேலை இருக்கும். அந்த வேலைக்குத் தேவையான அளவுக்கு அந்த மொழி வளர்ந்திருக்கும்.

என் அம்மாவுக்கு சாமி கும்பிடுவதும் எங்களைத் திட்டுவதும் தெலுங்கில். கடை, பஸ், ரேஷன் எல்லாம் தமிழில். எனக்கோ யாப்பிலக்கணத்தைத் தெலுங்கில் ஐந்து நிமிடம் விளக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் குழந்தையைத் தூங்கவைக்கத் தமிழில் எனக்கு வராது, தெலுங்குதான் வரும். இதில் எது அரைகுறை? எதுவும் இல்லை.

கொஞ்சம் கொஞ்சம் தெரிவதெல்லாம் கணக்கில் வருமா?

பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தை கூடும். ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அங்கே ஒரு தரகருக்குத் தெலுங்கில் பல், பால், சுழி, ஈத்து, எண்கள் எல்லாம் அத்துப்படி. அதே ஆளிடம் தெலுங்கில் நலம் விசாரித்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். விலை பேசும் கட்டம் வந்தால் எந்த மொழியும் வேண்டாம், துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேரம் முடிந்துவிடும். அவருக்குத் தெலுங்கு தெரியுமா என்று கேட்டால், சந்தைக்குப் போதுமான அளவு தெரியும் என்பேன். அந்த எல்லைக்குள் அவர் இருமொழியாளர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழியைக் கேட்ட பிறகு, தெரிந்த வேறு மொழிகள் இரண்டு வரை கேட்டு எழுதிக்கொள்வார்கள். 2011 கணக்குப்படி இந்தியாவில் ஏறக்குறைய 26 சதவீதம் பேர் இரண்டு மொழியாவது தெரியும் என்றார்கள். மூன்று தெரியும் என்றவர்கள் சுமார் 7 சதவீதம். எனக்கென்னவோ இது குறைவாகத்தான் படுகிறது. "அதெல்லாம் சும்மா சார், வியாபாரத்துக்குப் பேசுறது" என்று விட்டுவிட்டவர்கள் எத்தனை பேரோ.

நம்ம பக்கம் மட்டும் ஏன் இத்தனை மொழி?

எல்லைக்கோடு பின்னால் வந்தது, ஜனங்கள் முன்னாலேயே இருந்தார்கள். சித்தூரே ஒரு காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரம். 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டமானது. பிறகு மொழிவாரி மாநிலம் பிரிந்து, எல்லைத் தகராறு நடந்து, 1960-இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. காகிதத்தில் கோடு மாறிக்கொண்டே இருந்தாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. காட்பாடியிலிருந்து சித்தூர் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். எந்த இடத்தில் தமிழ் முடிந்து தெலுங்கு ஆரம்பிக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் போனால் வேலூர்க் கோட்டையே விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட நாயக்கர்கள் காலத்தது. அவர்களோடு தெலுங்கு வலுப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பக்கத்து ஆற்காடு நவாப்புகளுக்குத் தலைநகரமாக இருந்தது. அவர்கள் அரசாங்க மொழி பாரசீகம். வக்கீல், தாசில்தார், ஜில்லா, வசூல், பாக்கி, ஜாமீன், அசல், நகல் என்று கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், கேட்ட சொற்கள் எல்லாம் தமிழ் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருது இன்றும் வீட்டு மொழி. அது டெல்லி உருது அல்ல, தக்கினி. "வேண்டாம்" என்பதற்கு "நக்கோ" என்பார்கள். அது மராத்தியிலிருந்து ஏறிய சொல். டெல்லிக்காரர் காதில் விழுந்தால் சிரிப்பார். சிரிக்கட்டும், தோல் வியாபாரம் நக்கோவில்தான் நடந்தது.

புதிதாக வந்தது வங்காளி. ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் காந்தி ரோடு பக்கம் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. பள்ளிக்கூடத்தில் எந்த மொழியும் ஒழுங்காகப் படிக்காத என் மாணவன் ஒருவன் அங்கே கடை வைத்து, "கொத்தோ?" என்று கேட்கிறவருக்கு வங்காளியிலேயே விலை சொல்லிக்கொண்டிருக்கிறான். தமிழில் அவனுக்கு நான் போட்ட மதிப்பெண் 38.

இரண்டு மொழியில் வளர்த்தால் குழந்தை குழம்பிவிடாதா?

இப்படி ஒரு காலத்தில் அறிஞர்களே நம்பினார்கள். 1962-இல் மாண்ட்ரியலில் பீல், லாம்பர்ட் என்ற இருவர் பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட அந்தப் பிள்ளைகள் பின்தங்கியிருக்கவில்லை, பல சோதனைகளில் மேலாகவே செய்தார்கள். அதிலிருந்து பழைய பயம் மெல்லக் கரைந்தது.

நம் ஊரில் ஆராய்ச்சியே வேண்டாம். மூன்று வயதுக் குழந்தை அவ்வாவிடம், அதாவது பாட்டியிடம், தெலுங்கில் மிட்டாய் கேட்டு, கிடைக்காவிட்டால் பக்கத்துவீட்டு அக்காவிடம் தமிழில் கேட்கும். யாரிடம் எது பலிக்கும் என்று அதற்குத் தெரியும். குழம்புவது நாம்தான்.

இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகுமா?

ஆகாது. ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாக எண்ணினால் சொற்கள் குறைவாகத் தெரியலாம், இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். சேர்த்து எண்ணியும் வயதுக்கு மிகக் குறைவு என்றால், கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், மொழியைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்காமல் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். இதில் நாள் கடத்தாதீர்கள்.

ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து பேசுகிறான். மொழி கெட்டுப்போச்சா?

"நாஷ்டா பண்ணிட்டியா?" என்று கேட்காத வேலூர்க்காரர் உண்டா? நாஷ்டா உருது, பண்ணிட்டியா சுத்தத் தமிழ்ப் பேச்சு. கலப்பவர்கள் கண்டபடி கலப்பதில்லை. சொல் எங்கிருந்து வந்தாலும் வினைமுற்றும் வேற்றுமை உருபும் ஒரு மொழியின் சட்டப்படி வந்து உட்காரும். "ஃபைலை வக்கீல்கிட்ட குடு" என்பதில் இரண்டு சொல் வெளியூர்; ஐ உருபும் கிட்டவும் குடுவும் உள்ளூர். குதிரை எதுவாக இருந்தாலும் கடிவாளம் நம்முடையது.

தமிழ் வாத்தியார் இப்படிச் சொல்லலாமா என்பீர்கள். பரீட்சைத் தாளில் கலந்தால் சிவப்பு மை வைப்பேன், வைத்தும் இருக்கிறேன். தாளுக்கு ஒரு நடை, திண்ணைக்கு ஒரு நடை. எதிரில் இருப்பவருக்குப் புரியாதபோதும் மாற்றிப் பேச வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நான் ஒருமொழிக்காரனா?

"இன்னாமே, குந்து" என்று பேசிவிட்டு "பெறுநர், பொருள், ஐயா" என்று விண்ணப்பம் எழுதுகிறீர்கள் அல்லவா? பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு தள்ளி நிற்பதை மொழியியலில் இரட்டை வழக்கு என்கிறார்கள். அதற்கு உலக அளவில் காட்டப்படும் உதாரணங்களில் தமிழும் ஒன்று. நீங்கள் முக்கால் இருமொழியாளர்.

தெலுங்கும் தமிழும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? தனியாகக் கற்க என்ன இருக்கிறது?

ஒரே திராவிடக் குடும்பம், உண்மைதான். ஆனால் சொந்தக்காரர்களோடுதான் சண்டையும் வரும். தமிழில் ஆடவர் என்றால் ஆண்கள். தெலுங்கில் ஆடவாரு என்றால் பெண்கள். பள்ளியில் "ஆடவர் கழிப்பறை" பலகையைப் படித்துவிட்டு சித்தூர்ப் பக்கத்து அத்தை ஒருத்தர் தைரியமாக உள்ளே போகப் பார்த்ததை நானே ஓடித் தடுத்தேன். அவர் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படித்தது பெரிய விஷயம். அர்த்தத்தைத் தெலுங்கிலிருந்து எடுத்துக்கொண்டார்.

தெலுங்கில் இல்லு என்றால் வீடு. "இல்லை" என்று காதில் விழுந்தால் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புதிதாக வந்தவர் நினைப்பார். வேடிக்கை என்னவென்றால் பழந்தமிழிலும் இல் என்றால் வீடுதான், மறந்தது நாம். பில்லி என்றால் பூனை. ஒலி கொஞ்சம் மாறி பெள்ளி ஆனால் கல்யாணம். நெருங்கிய மொழி சீக்கிரம் புரியும், அதே வேகத்தில் தப்பாகவும் புரியும்.

உருதுவில் வேறு மாதிரி வம்பு. நேற்றும் "கல்", நாளையும் "கல்". வினையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்வீட்டு பாய் "கல்" என்று சொன்ன கடன் எந்தக் "கல்" என்று என் அப்பாவுக்குக் கடைசிவரை தெளிவாகவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கலாமா?

ஊசி போடும் இடம் எங்கே, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்ற அளவுக்கு என்றால் சரி. நோயைச் சொல்லவைக்காதீர்கள். இது என் சொந்த அனுபவம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். தெலுங்கு மட்டும் தெரிந்த பெரியம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். டாக்டர் தமிழில் கேட்டார், நான் நடுவில். பெரியம்மா "கள்ளு திருகுதுன்னாயி" என்றார். சொல்லுக்குச் சொல் மாற்றி, "கண்ணு சுத்துதாம்" என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார். தெலுங்கில் அது தலைசுற்றலைச் சொல்லும் வழக்கு. இரண்டு நாள் கழித்து பெரியம்மா கிணற்றடியில் விழுந்தார். பெரிய அடி இல்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. எனக்குத்தான் இன்னும் மறக்கவில்லை.

வலியும் அப்படித்தான். தமிழில் கடுக்குது, குத்துது, குடையுது, இழுக்குது, எரியுது, பிசையுது என்று எத்தனை இருக்கிறது. ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒவ்வொரு துப்பு. அரைகுறையாக மொழிபெயர்க்கும்போது எல்லாம் "வலி" என்ற ஒரே சொல்லாக உருகிவிடும். மயக்கம் என்ற சொல்லோ தலை லேசாகச் சுற்றுவதிலிருந்து நினைவு தப்பி விழுவது வரை எல்லாவற்றுக்கும் வரும். எது என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

இன்னொன்று, அம்மாவின் மாதவிலக்குப் பிரச்சினையை மகன் வாயால் சொல்ல நேர்ந்தால் பாதியை அம்மாவே விழுங்கிவிடுவார். நர்ஸ், உதவியாளர் யாருக்காவது அந்த மொழி தெரியுமா என்று முதலில் கேளுங்கள். வேலூரில் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். வேறு வழியில்லாமல் நீங்களே செய்தால், புரியாத சொல்லை அப்படியே மூலமொழியில் சொல்லி, "இதற்குச் சரியான தமிழ் எனக்குத் தெரியவில்லை, விளக்கிச் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

வீட்டிலும் இங்கிலீஷ் பேசச் சொல்லிப் பள்ளியில் சொல்கிறார்கள். வீட்டு மொழியை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நயமாகப் பேசமாட்டேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சரளமாக வராத மொழியில் வீட்டில் பேசினால் என்ன ஆகும்? "ஈட்", "கம்", "டோன்ட்" என்று ஏவல் மட்டும் மிஞ்சும். கதை இருக்காது, வம்பு இருக்காது, தாத்தா சின்ன வயதில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்டது இருக்காது. ஒரு மொழியில் நீளமாகப் பேசி, காரணம் சொல்லி, வாதாடப் பழகிய பிள்ளை அந்தத் திறமையை அடுத்த மொழிக்கும் எடுத்துக்கொண்டு போகும். அதைத்தான் வகுப்பில் பார்த்தேன். இங்கிலீஷைப் பள்ளி பார்த்துக்கொள்ளட்டும், அதற்குத்தானே கட்டணம் கட்டுகிறோம்.

அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி என்று பிரித்துக்கொள்ள வேண்டுமா?

முடிந்தால் செய்யுங்கள், நல்ல முறைதான். அதற்காக மாமியார் வந்த வேளையில் சட்டம் பேச வேண்டாம். ஒரு மொழி காதில் விழும் நேரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். பலவீனமான மொழிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் தமிழ் தெருவிலிருந்து தானாக வந்து சேரும்; தெலுங்கோ உருதோ அப்படி வராது.

பள்ளியில் என்ன மொழி படிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை: தமிழ், ஆங்கிலம். 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. உருது, தெலுங்கு வழிப் பள்ளிகள் நம் பக்கம் உண்டு. தமிழ் கட்டாயமானதில் எனக்கு வருத்தமில்லை. இங்கே வாழ்கிறவனுக்குத் தமிழ் எழுத்து தெரிய வேண்டும். ஆனால் தமிழ் வந்ததும் உருது வாத்தியார் இடம் காலியாகவே கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

தெலுங்கு பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

எனக்கும் நாற்பது வயதுவரை தெரியாது. பிறகு பஸ் பலகை பார்த்தே பாதி எழுத்து கற்றேன். கற்க ஆசையிருந்தால் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மாதம் போதும், பேசத்தான் ஏற்கெனவே தெரியுமே. ஆசையில்லை என்றால் விடுங்கள். எழுத்து தெரியாததால் வீட்டில் மொழி சாவதில்லை. விஜயவாடா சொந்தக்காரர் "உங்கள் தெலுங்கு என்ன இப்படித் தமிழ் மாதிரி இருக்கு?" என்று சிரித்த அன்று பேசுவதை நிறுத்தினோம் பாருங்கள், அங்கேதான் சாகும்.

இரண்டு மொழி தெரிந்தால் மூளைக்கு நல்லதா?

ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோய் உள்ள 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இருமொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக 4.5 வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. மூன்றாவது, நான்காவது மொழிக்குக் கூடுதல் லாபம் இல்லை. வேறு சில நாட்டு ஆராய்ச்சிகளில் இவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயே வராது என்று யாராவது சொல்லி வகுப்புக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கனவு எந்த மொழியில் வரும்?

கனவில் யார் வருகிறார்களோ அவர்கள் மொழியில்.

பேரப்பிள்ளைக்குத் தெலுங்கு புரிகிறது, பதில் மட்டும் தமிழில் வருகிறது. இனி தேறுமா?

புரிவதே பாதி மொழி. உள்ளே இருக்கிறது, வெளியே வர ஒரு தேவை வர வேண்டும். தமிழ் தெரியாத ஒருவரிடம் பத்து நாள் விட்டுவைத்தால் வந்துவிடும். என் அம்மா கடைசிக் காலத்தில் தமிழை ஏறக்குறைய விட்டுவிட்டார். வயதாகி நினைவு தேய்ந்தால் பின்னால் கற்ற மொழி முன்னால் போவது பலருக்கும் நடப்பதுதான். எண்பது வருடம் பேசிய தமிழ் போய், தெலுங்கு மட்டும் நின்றது. அதுவரை தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்த என் மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு ஊட்டுவாள். ஒருநாள் அம்மா வாயை மூடிக்கொண்டு "ஒத்து" என்றார், வேண்டாம் என்று. இவள் கிண்ணத்தைக் கீழே வைக்காமல், "இங்கொக்க முத்த, அவ்வா" என்றாள். இன்னும் ஒரே ஒரு வாய். எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அம்மா வாயைத் திறந்தார்.